‘அவர்கள்’ போட்டால் கொப்பி ஆகாது

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் கரகரவென்று இருமத் தொடங்கியது. மனுசர் இருமினால் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கலாம். இதற்கு என்னத்தைக் கொடுப்பது? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் திருத்துகிற கடை வைத்திருக்கும் ரிஸ்வானைக் கூப்பிட்டேன். கிண்ணியாக்காரர், பொறுமைசாலி.

வந்தார். காதை வைத்துக் கேட்டார்.

"டீச்சர், ஹார்ட் டிஸ்க் போகப் போகுது. இண்டைக்குள்ள எல்லாத்தையும் வெளியில எடுத்திடணும். நாளைக்கு எண்டா ஏலாது."

மகளின் கல்யாணப் படங்கள் முழுக்க அதற்குள்தான் கிடக்கின்றன. வேறு பிரதி கிடையாது. படம் எடுத்தவரும் கடையை மூடிக்கொண்டு வெளிநாடு போய்விட்டார்.

ரிஸ்வான் புது டிஸ்க் ஒன்றைக் கொழுவி, கொப்பி பண்ணத் தொடங்கினார். இரண்டு நிமிஷம்கூட இல்லை — நின்றுவிட்டது.

"பாதை நீளம் கூடவாம், டீச்சர்."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், "நான் அப்பவே நினைச்சனான்!" என்றார். விறுவிறுவென்று உள்ளே போய் அலுமாரியை உருட்டி, ஒரு சாண் வயரோடு வந்தார். "இது கட்டை. இதைக் கொழுவிப் பாருங்கோ."

ரிஸ்வான் சிரிக்கவில்லை. நானாக இருந்தால் உருண்டிருப்பேன்.

"வயர் இல்ல சேர். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர், அதுக்குள்ள ஃபோல்டர்... பேர் எல்லாத்தையும் கோத்துப் பார்த்தா இருநூத்தி அறுபது எழுத்துக்குள்ள நிக்கணும்."

எட்டிப் பார்த்தேன். விளங்கிவிட்டது. என்னவர் அரசாங்கக் கந்தோரில் முப்பது வருஷம் கடிதம் எழுதுகிற லிகிதராக இருந்தவர். பெயர் வைக்கச் சொன்னால் மரண அறிவித்தல் மாதிரித்தான் எழுதுவார்.

"எமது அன்பு மகள் யாழினி அவர்களின் திருமண வைபவ நிழற்படங்கள்". அதற்குள், "மணமகன் வீட்டாரின் வருகையும் அன்னாருக்கு வழங்கப்பட்ட வரவேற்பும்". அதற்குள், "மதிப்புக்குரிய நிலாவெளி மச்சான் அவர்கள் குடும்ப சமேதராய் எடுத்துக்கொண்டவை". இன்னும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது ஐயா!

இதில் இன்னொரு வில்லங்கம். "அவர்கள்" நமக்கு ஐந்து எழுத்து. கொம்பியூட்டருக்கு ஏழாம்! புள்ளியையும் தனியாக எண்ணுமாம். தமிழில் மரியாதை கொடுத்தால் இவ்வளவு இடம் பிடிக்கும் என்று யார் கண்டது?

"அந்த ‘அவர்கள்’ எல்லாத்தையும் வெட்டுங்கோ," என்றேன்.

"இஞ்சேரும், மச்சானை வெறும் மச்சான் எண்டு போடுறதோ? அறிஞ்சால் என்ன நினைப்பார்?"

"அவர் எங்கட கொம்பியூட்டருக்குள்ள பூந்து பாக்கப் போறாரோ?"

"இல்லையப்பா... ஒரு ‘திரு’ எண்டாலும்..."

கரகர... கரகர... டிஸ்க் கடைசி மூச்சை இழுக்கிறது, இவர் ‘திரு’ தேடுகிறார்! எனக்கு வந்ததே கோபம். மௌஸைப் பறித்தேன். மகளின் கல்யாணம் — "க". வரவேற்பு — "வ". நிலாவெளி மச்சான் — "ம". இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

படங்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. தாலி கட்டுகிற படம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னேரம் வேலை முடிந்தது. சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டே ரிஸ்வான் சொன்னார்: "ஒரு ஃபோல்டர் மட்டும் ஒரு கரைச்சலும் தராமப் போயிட்டு டீச்சர். முதல் தரத்திலயே."

எது என்று பார்த்தேன். நான் படிப்பித்த காலத்துப் படங்கள், உங்களுக்கு வாராவாரம் எழுதுகிற பத்திகள்... என் முழுச் சீவியமும் அதற்குள். ஊரில் உள்ள எல்லாருக்கும் "மதிப்புக்குரிய", "அன்னார்", "அவர்கள்" போட்ட மனுசன் அதற்கு வைத்திருந்த பெயர்:

"அவ".

எனக்கு மட்டும் இரண்டே எழுத்து! இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று திரும்பினேன்.

"அதைத்தானே நான் ஒவ்வொரு நாளும் திறந்து பாக்கிறனான்," என்றார் இவர். "அதான் தேட லேசா, கட்டையா வைச்சனான்."

இப்படிச் சொல்கிற மனுசனோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது, நீங்களே சொல்லுங்கள்?