முட்டிக்காரர் வீட்டு சிலிண்டர்

அந்த ராணுவக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்கு கேஸ் சிலிண்டர் எப்படிப் போகும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்பானர் தோளில் ஏறிப் போகும். கொண்டு வருகிறவன் படிக்கட்டு ஓரமாக உருட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். லிஃப்ட் கிடையாது. படைவீரர்கள் குடியிருக்கும் இடத்துக்கு லிஃப்ட் எதற்கு என்று கட்டியவன் நினைத்திருப்பான். பாவம், அவனுக்கு முட்டிக்காரரைத் தெரியாது.

ஸ்பானர் என்பது அவளுடைய பட்டப்பெயர். முகாமின் வண்டிப் பிரிவில் பல வருடமாக மெக்கானிக். லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி கையை மட்டும் வெளியே நீட்டி "ஸ்பானர்!" என்று கத்துவாள். எடுத்துக் கொடுக்கத் தாமதமானால் கூடவே நாலு வார்த்தையும் வரும். வயது முப்பத்தாறு. கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கும். முட்டிக்காரர் என்பவர் அவள் வீட்டுக்காரர். அதே முகாமில் சீருடை ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை.

கல்யாணத்துக்கு முந்தின வருடம் அவர் கமாண்டோ பயிற்சிக்குப் போட்டி போட்டார். அதற்கு முதல் படி மலைநடை. முதுகில் முழு மூட்டையோடு முகாமுக்குப் பின்னால் இருக்கும் மலையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து சேர வேண்டும். பாதி வழியில் அவருடைய வலது முட்டி போய்விட்டது. அப்படித்தான் அவர் சொன்னார். "முட்டி மட்டும் காலை வாராம இருந்திருந்தா…" என்று ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டி முடித்துக்கொள்வார்கள்.

அந்த முட்டிக்கு வீட்டில் ராஜ உபசாரம். மாமியார் தினமும் சாயங்காலம் எண்ணெய் சுடவைத்துத் தேய்ப்பாள். எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் "அண்ணனுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா" என்று ஒரு குரல் கேட்கும். தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனால் கீழே இருந்து வாளி வாளியாக ஸ்பானர் தூக்குவாள். மளிகை மூட்டை அவள். சிலிண்டர் அவள். வீடு மாறி வந்தபோது இரும்பு பீரோவின் ஒரு முனையை அவளும் மறுமுனையைப் பக்கத்து வீட்டுக்காரரும் பிடிக்க, முட்டிக்காரர் படியோரம் நின்று, "பாத்து, பாத்து, சுவத்துல இடிச்சுடாதீங்க" என்று மேற்பார்வை செய்தார். அவள் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. கடமையில் காலை இழந்த மனிதன் என்று உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையைத்தான் பின்னாளில் நினைத்து நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஓர் அறிவிப்பு வந்தது. கமாண்டோ படைக்கு மெக்கானிக்குகள் வேண்டுமாம். நாற்பது வயதுவரை வரலாம், பெண்களும் வரலாம். ஸ்பானர் கையில் இருந்த கிரீஸைத் துடைக்காமலேயே பிரிவு அதிகாரியின் அறைக்குப் போய் நின்றாள்.

"இந்த வயசுலயாம்மா?" என்று சிரித்தார் அதிகாரி.

"சார், வெளிய நிக்குற லாரிக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. அது மலை ஏறலையா?"

அதிகாரி சிரித்துக்கொண்டே பெயரைப் போட்டார்.

மறுநாள் விடியலிலிருந்து நடை. மூட்டைக்குள் எடைக்காகப் பழைய பிரேக் டிரம்களைப் போர்வையில் சுற்றிப் போட்டுக்கொண்டு, மலைச்சாலையில் ஏறி இறங்கிவிட்டு வேலைக்குப் போனாள். இரும்பு முதுகைக் கன்ற வைத்தது. குனிந்து கீழே விழுந்த நட்டைக்கூட எடுக்க முடியாத நாட்கள் உண்டு. ஆனால் ஒரு விஷயம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. படி ஏறிப் பழகிய கால் மலைக்கு அஞ்சவில்லை. கூட நடந்த இளவட்டங்கள் வாய் பிளந்து மூச்சு வாங்கியபோது அவள் கதை பேசிக்கொண்டு போனாள்.

"மலையில எந்த இடங்க ரொம்பக் கஷ்டம்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டாள். போய்ப் பார்த்தவர் ஆயிற்றே.

"அதெல்லாம் சொன்னாப் புரியாது."

"புரியற மாதிரி சொல்லுங்களேன்."

"என் முட்டியைத் தின்ன மலை அது. உனக்கு வேணாம், விட்டுடு." சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கறை என்று நினைத்தாள் மடச்சி.

மலைநடைக்குப் போகிறவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். அதில் அவள் பெயர் இல்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்தாள். அவளோடு நடந்து மூச்சு வாங்கிய அத்தனை பேர் பெயரும் இருந்தது.

அதிகாரி தலையைச் சொறிந்தார். "உன் வீட்டுக்காரரே வந்து சொன்னாரேம்மா. அம்மாவுக்கு உடம்பு முடியல, வீட்டுல பாத்துக்க ஆளில்ல, பேரை எடுத்துடுங்கன்னு. நீ சொல்லி அனுப்பினேன்னு நெனச்சேன்."

மாமியாருக்கு உடம்பு முடியவில்லையாம்! காலையில்தான் அந்த அம்மாள் எதிர்வீட்டுக்காரியோடு துணி காயப்போடும் கொடிக்காக மல்லுக்கு நின்று ஜெயித்துவிட்டு வந்திருந்தாள். ஸ்பானருக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. வீட்டுக்குப் போய்க் கேட்டால் நேரம் போய்விடும், முதலில் பெயரைத் திரும்பப் போட வேண்டும் என்று நேரே மலைநடைப் பயிற்சியாளரைத் தேடிப் போனாள்.

அவரை எல்லோரும் பூனை என்பார்கள். நடந்தாலும் சத்தம் இல்லை, பேசினாலும் சத்தம் இல்லை. எத்தனையோ வருடமாக அந்த மலையில் அவர்தான். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, வீட்டுக்காரர் யார் என்று விசாரித்தார். சொன்னாள்.

"ஓ, அவரா! தட்டைப் பாறைகிட்ட மூட்டையை வெச்சாரே."

"முட்டி போயிடுச்சு சார், பாவம்."

"முட்டியா? என்ன முட்டி?" பூனை நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "நல்லாத்தான் நடந்து எறங்கிப் போனாரு. என்கிட்ட டீகூட வாங்கிக் குடிச்சாரு. முடியலைன்னா வைக்கலாம்மா, அதுல தப்பே இல்ல. பாதிப் பேரு அந்தப் பாறைகிட்டதான் வைப்பாங்க. சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். மூட்டையைத் தரையில வெச்சுக் கையை எடுத்துட்டா முடிஞ்சுது. மறுபடி எடுக்க முடியாது." பிறகு பேனாவை எடுத்தார். "உன் பேரை நான் போட்டுக்கறேன். அந்த பிரேக் டிரம்மைத் தூக்கிப் போட்டுட்டு மணல் போடு. இரும்பு முதுகைத் தின்னுடும்."

அவளுக்கு மணலும் கேட்கவில்லை, இரும்பும் கேட்கவில்லை. நல்லாத்தான் நடந்து எறங்கிப் போனாரு. அன்று வண்டிப் பிரிவில் ஒரு சக்கரத்தின் நட்டைக் கழற்றப் போய் போல்ட்டையே முறித்துவிட்டாள். யாரும் பக்கத்தில் வரவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனிதன் நல்ல முட்டியை எண்ணெயில் மறைத்திருக்கிறான். இனி இந்தக் கதையில் அவனுக்கு மரியாதை கிடையாது.

சாயங்காலம் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவன் நாற்காலியில் சாய்ந்து, முக்காலியில் காலை நீட்டியிருந்தான். மாமியார் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டைப் பாறையில டீ நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் ஸ்பானர்.

நீட்டியிருந்த கால் தானாக மடங்கிக் கீழே இறங்கியது. எவ்வளவு அழகாக மடங்கியது!

"யாரு… யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்ன? பொய்யா, நெசமா?"

"இங்க பாரு, அன்னைக்கு எறங்கி வந்தப்போ எல்லாரும் கேட்டாங்க. அவமானமா இருந்துச்சு. வாயில முட்டின்னு வந்துடுச்சு. ஒரு தடவைதான் சொன்னேன். அப்புறம் எல்லாரும் முட்டி எப்படி இருக்கு, முட்டி எப்படி இருக்குன்னு அக்கறையா கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. எப்படி மாத்திச் சொல்றது?"

"ஊர்க்காரங்க கேட்டாங்க, சரி. எங்கிட்டயும் மாத்திச் சொல்ல முடியலையா? தெனம் தெனம் படியில ஏறுறவகிட்ட? இப்போ பூனை வாயைத் தொறந்துடுவாருன்னு பயந்து என் பேரையும் எடுக்கச் சொன்னியா நீ?"

நீ. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை. அறையில் மூன்று பேருக்கும் கேட்டது.

மாமியார் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "கத்தாதேம்மா, அக்கம்பக்கம் கேக்கப்போகுது. எனக்குத் தெரியாதா? நான் பெத்த காலு. தொட்டா தெரியும், நல்ல முட்டின்னு."

"தெரிஞ்சுமா அத்தை தேய்ச்சீங்க?"

"ஆம்பளை. வெக்கப்படுறான். விட்டுக் குடுக்க வேண்டாமா?"

"அவரு வெக்கத்துக்கு நீங்க எண்ணெய் தேய்ச்சீங்க. என் முதுகுக்கு யாரு தேய்ச்சா?"

மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஸ்பானர் அவனோடு பேசவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், மணல் மூட்டையைச் சுமந்து நடந்தாள். அவன் ஓரிரு முறை "கேளேன்" என்று ஆரம்பித்துப் பார்த்தான். அவள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

மலைநடை நாள் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் ஏற்றம் முழுக்க அவளைக் கோபமே தள்ளிக்கொண்டு போனது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிலிண்டர், ஒரு வாளி என்று மனசுக்குள் வைதுகொண்டே ஏறினாள். ஆனால் கோபம் எவ்வளவு தூரம் வரும்? தட்டைப் பாறை கண்ணில் பட்டபோது வைவதற்குக்கூட மூச்சு இல்லை. தோள்பட்டை வார் சதைக்குள் இறங்கியிருந்தது. தொடை தன் பாட்டுக்கு உதறியது.

பாறை இடுப்பு உயரம், மேசை மாதிரி தட்டை. பக்கத்தில் நிழல். நிழலில் பூனை, டீ பிளாஸ்க். பாவி மனுஷன், இடம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு முன்னால் வந்த ஒரு வாலிபன் மூட்டையைத் தரையில் இறக்கிக் கையை எடுத்தான். "முடியல சார்" என்றான். முகத்தை மூடாமல், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதான். பூனை அவன் கையில் டீயைக் கொடுத்தார். பிறகு இவளைப் பார்த்து, "வைக்கலாம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார், குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில்.

வைத்துவிடலாம் என்றுதான் இருந்தது. சத்தியமாக இருந்தது. அந்த நிமிஷத்தில் தன் புருஷன் ஏன் இங்கே இறக்கினான் என்பது அவளுக்கு எலும்புவரை புரிந்தது. அதில் குற்றமே இல்லை. அழுதுகொண்டிருக்கும் இந்தப் பையனைக் கையெடுத்துக் கும்பிடலாம். முடியவில்லை என்றான், முடிந்தது. ஆனால் அந்த மனுஷன்? இங்கே இறக்கிய மூட்டையை வீடுவரை கொண்டுவந்து என் முதுகில் அல்லவா ஏற்றினான்! இத்தனை வருஷம் நான் தூக்கியது அவனுடைய மூட்டை.

"டீ வேணாம் சார்" என்றாள். "அந்த டீ எங்க வீட்டுக்கு ஒத்துக்கல."

இறக்கத்தில் இரண்டு முறை வழுக்கினாள். மூட்டை அவளோடு சேர்ந்து விழுந்தது, அவள் கை வாரை விடவில்லை. கடைசி ஆள்களில் ஒருத்தியாகத்தான் வந்து சேர்ந்தாள். சேர்ந்தாள். பூனை பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு, "திங்கக்கிழமை பயிற்சிக்குக் கெளம்பணும். மூட்டையை வீட்டுக்கே எடுத்துட்டுப் போ, இனி அது உன்னோடது" என்றார்.

சாயங்காலம் குடியிருப்புக்குள் நுழைந்தபோது படிக்கட்டு ஓரமாக சிலிண்டர் நின்றது. அதன் பக்கத்தில் அவன் நின்றான், ஒரு கையை முட்டியில் வைத்துக்கொண்டு. மேலே மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். அக்கம்பக்கத்துப் பால்கனிகளில் ஆட்கள். ஸ்பானர் ஜெயித்துவிட்டாள் என்று அதற்குள் தெரிந்து, கைதட்டத் தயாராக நின்றார்கள்.

"காலையிலேயே கேஸ் தீந்துபோச்சு" என்றான், அவளைப் பார்க்காமல்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், மலையில் தீர்ந்துபோன கோபம் முழுசாகத் திரும்பி வந்தது. காலையிலிருந்து இது இங்கேயே நிற்கிறது. மலை ஏறி இறங்கி அவள் வரட்டும் என்று நிற்கிறது.

"தூக்கேன்" என்றாள்.

"எல்லாரும் பாக்குறாங்க." குரலைத் தாழ்த்தினான். "நான் தூக்கினா என்ன நெனைப்பாங்க? திங்கக்கிழமையிலேருந்து நானே பாத்துக்கறேன். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்… உன்னை ரொம்பக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அவள் ஒரு தோளிலிருந்து வாரைக் கழற்றினாள். பிறகு அடுத்த தோள். நாள் முழுக்கக் கை விடாத மூட்டையை சிலிண்டருக்குப் பக்கத்தில், அவன் காலடியில் இறக்கி வைத்தாள். நிமிர்ந்தாள். கையை எடுத்தாள்.

வெறுங்கையோடு படியேறுவது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தொடை வலித்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதல் மாடி தாண்டும்வரை பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் கீழே இரும்பு படியில் இடிக்கும் சத்தம் கேட்டது. ணங். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ணங். அவன் மூச்சு வாங்குவதும் கேட்டது.

ஒரு கதவு திறந்தது. "அடடே, அண்ணே!" என்றது பக்கத்து வீட்டுக்காரரின் குரல். "முட்டி என்னாச்சு?"

அவன் என்ன பதில் சொன்னான் என்று கேட்க ஸ்பானர் நிற்கவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு மாடி பாக்கி இருந்தது.