வேலியை வெட்டியவன் குருவி பார்க்கப் போன கதை

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஏப்ரலில் மெல்போர்ன் நோபல் பார்க்கில் பிலோமினா அன்ரி வீட்டு விருந்தாளியாக இருந்தேன். அவர் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் பின்வளவின் வடக்கு வேலிச்செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளிவிட்டேன். வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. அதை வேலி மறைத்ததில் கார் கொட்டகையில் தொட்டிக் கறிவேப்பிலை குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. கறிவேப்பிலைக்காகத் தமிழன் எதையும் வெட்டுவான்.

அந்த வேலியில்தான் வசந்தம் தோறும் பிளாக்பேர்ட் என்ற கறுப்புக் குருவிச் சோடி ஒன்று கூடு கட்டும் என்பது எனக்குத் தெரியாது. மன்னார்க்காரரான அன்ரி அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினார். “குருவி வந்து கூடு கட்டட்டும், பிறகு கதைப்பம்” என்று மகன் ரெஜி மூலம் தீர்ப்பு வந்தது.

செப்டம்பர், சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குச் சிட்னியில் விமானம் ஏறினேன். டிக்கெட் நூற்றுப் பத்தொன்பது டாலர், ஒரு குருவியைப் பார்க்க! விமான நிலையத்திலிருந்து ரெஜியின் காரில் ஐம்பது கிலோமீட்டர்.

“குருவி?” என்றேன்.

“கூரையில இருந்து பாடுது. கூட்டைக் காணேல்லை.”

“நான் வர்றது அன்ரிக்குத் தெரியுமா?”

“ஓம். கதவு திறப்பா. கதைக்க மாட்டா.”

ஒன்பதேகாலுக்கு அப்படியே நடந்தது. தேநீரை வைத்துவிட்டு அன்ரி கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பின்வளவுக்குத் தப்பினேன்.

வேலி ஒரு சாண்தான் துளிர்த்திருந்தது. கூரை முகட்டில் மஞ்சள் அலகுக் கறுப்பன் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான். அப்போது பழுப்பு நிறப் பெட்டை என் தலைக்கு மேலாகப் பறந்து கொட்டகைக்குள் நுழைந்தது, வெளியே வரவில்லை.

பூனை நடை நடந்து எட்டிப் பார்த்தேன். கறிவேப்பிலைத் தொட்டி! கோபத்தில் அன்ரி ஏப்ரலிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. ரெஜி தூர நின்று குழாயால் தண்ணீர் அடிப்பதோடு சரி. யாரும் கிள்ளாத செடி, நான் திறந்துவிட்ட வெயிலில் புதராக மண்டியிருந்தது. நடுவே மண்ணும் புல்லும் குழைத்த கூடு. அதில் அமர்ந்து ஒற்றைக் கண்ணால் என்னை முறைத்தது பெட்டை.

கத்தினால் பறந்துவிடும். கோப்பை வென்ற கேப்டன் போல இரண்டு கைகளையும் உயர்த்தியபடி அடுப்படிக் குசினிக்குள் ஓடினேன். அன்ரி வந்தார், பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். முகம் மலர்ந்தது.

“அம்மா, இனிக் கதைக்கலாம்தானே?” என்றான் ரெஜி.

வெற்றி தலைக்கேறிய நான் சும்மா இருந்திருக்கலாம். “அன்ரி, மீன் குழம்புக்கு ரெண்டு இலை மட்டும் கிள்ளிக்கவா?” என்றேன்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்ரி நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“கடையில போய் வாங்கு.”