பலிபீடத்தின் காலில் இருந்த பெயர்

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பொலிக்சேனி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் என்றால் எங்கள் ஊர் எண்ணெய் ஆலையின் பின்னறைதான். ஒலிவக்காய் பறிப்பு முடிந்த மாதங்களில், ஓய்வுபெற்ற ஆசிரியை எஃப்தெர்ப்பி அங்கே பழைய கிரேக்கமும் சரித்திரமும் சொல்லிக்கொடுத்தார். வந்தவர்களில் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள் இவள் ஒருத்திதான். நானும் ஆறாம் வகுப்புதான். எனக்குப் போகத் துணிச்சல் இல்லை. அவள் மகனை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து ஞானத்தாயாகக் கையில் வாங்கியவள் நான். அந்த உறவினால் நாங்கள் ஒருவரையொருவர் 'கும்பாரா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

காப்பிக்கடை வாசலில் ஊர்க்காரன் கோஸ்மாஸ் அவளைக் கேலி பண்ணாமல் விடமாட்டான்.

"என்ன பொலிக்சேனி, இன்னிக்கு எந்தச் சிலையோட பேசிட்டு வர்ற?"

"உன்னவிட அது தேவல. கேட்ட கேள்வியையே திரும்பக் கேக்காது."

தவக்காலத்தில் வகுப்பையே பேருந்தில் ஏற்றி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார் ஆசிரியை. திரும்பி வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் சமையலறைக்கு வந்தாள்.

"கும்பாரா, அந்தக் காலத்துக் கல்லறைக் கல்லு பார்த்தேன். செத்தவங்க பேரு, கூடவே வழியனுப்பற ஒரு வார்த்தை. நம்மள மாதிரிதான் அழுதிருக்காங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "அனெஸ்திஸ் சொன்னது ஞாபகம் இருக்கா? பீடத்துக் காலுல எறும்பு வரிசை மாதிரி எழுத்து இருக்குன்னு?"

அனெஸ்திஸ் அவள் புருஷன், காலமாகிவிட்டான். அவர்களுடைய ஒலிவத் தோப்புக்குள் புனித பரஸ்கேவிக்கு ஒரு சின்னக் கோயில் உண்டு. கண் நோய்க்கு நாங்கள் வேண்டிக்கொள்வது அந்தத் தாயிடம்தான். வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னால் அனெஸ்திஸ்தான் உள்ளே வெள்ளையடிப்பான். கல்யாணமான நாளிலிருந்து கோயில் சாவி பொலிக்சேனியிடம். சாயங்காலம் விளக்கேற்றுவதும் அவள்தான். ஆனால் புனிதர்களின் படங்கள் மாட்டிய மரத் தடுப்புக்கு அப்பால் பெண்கள் போவதில்லை. ஒற்றைக் கல்லைக் காலாக வைத்து நிற்கும் பீடம் இருப்பதோ அதற்கு உள்ளே.

அவள் எங்கள் கோயில் சாமியார் ஸ்தாதிஸிடம் போய், அந்த எழுத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் நல்ல மனுஷர், பருத்த உடம்பு, சீக்கிரம் பயப்படுவார்.

"எழுத்தா? வேண்டாம்மா. கோஸ்மாஸ் நிலவறை தோண்டுனான், பழைய சுவர் வந்துச்சு. தொல்பொருள் அதிகாரிங்க வேலி போட்டுத் தகரம் போட்டாங்க. இன்னிக்கும் அங்க ஆடுதான் மேயுது. இங்கயும் பூட்டிட்டாங்கன்னா திருவிழாவ எங்க வைப்பேன், உன் சமையலறையிலயா?"

"அது சின்னது, சாமி."

வாயில் கேலி வந்ததே தவிர, மனசுக்குள் அவளுக்கும் அந்தப் பயம்தான். ஒருநாள் என்னிடமே கேட்டாள்.

"தெரியாம இருந்தா கோயில் நம்ம கையில இருக்கும். தெரிஞ்சுக்கப் போனா கைய விட்டுப் போனாலும் போயிடும். நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"மறந்துட்டு ஜெபம் பண்ணுவேன்."

"ஜெபம் பண்ணும்போதுதான் அந்தக் கல்லு நெனப்பு வருது."

பாஸ்கா என்கிற உயிர்ப்புத் திருநாளுக்கு முன்பு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவள் அதையே பாவமாகச் சொல்லிவிட்டாள். பூசை நடக்கும்போது மனசு கல்லைச் சுற்றுகிறது, விடை தெரியாத கேள்வி முள்ளாகக் குத்துகிறது என்று. வெளியே வந்து என்னிடம் அவளே சொன்னதுதான் இது. சாமியார், "உன் மனசு பூசைக்குத் திரும்பணும்னா அதப் பார்த்துடறதுதான் வழி" என்றாராம்.

பாஸ்கா முடிந்த வாரம் போனோம். ஆசிரியை ஒரு தடித்த தாளும் மெத்தென்ற பிரஷும் கொண்டுவந்தார். கல்லை நனைத்து, ஈரத் தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷால் தட்டினால் எழுத்தெல்லாம் தாளில் பதிந்துவிடும். ஆனால் ஆசிரியையும் பெண்தானே. தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர், அந்தப் பக்கம் சாமியார் தனியாக.

"கத்திய வெச்சுச் சுரண்டிடாதீங்க சாமி! தண்ணி மட்டும்!"

"சுண்ணாம்பே இல்ல டீச்சர். எழுத்து இருக்கறது சுவரப் பார்த்த பக்கம். இங்க பிரஷே படல."

"அடப்பாவி அனெஸ்திஸ்!" என்றாள் பொலிக்சேனி. "முன்பக்கம் மட்டும் அடிச்சுட்டு முழுசா அடிச்சேன்னு சொல்லுவான். அவன் சோம்பேறித்தனம் நல்லதுக்குத்தான்."

"நல்லாத் தட்டுங்க சாமி!"

"தட்டறேன்! எனக்கும் சுவருக்கும் நடுவுல இடம் வேணாமா?"

தாள் காயும்வரை முசுக்கட்டை மரத்தடியில் ரொட்டியும் ஒலிவக்காயும் தின்றோம். சாமியார் தாடி சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார். பொலிக்சேனி மட்டும் ரொட்டியைத் தொடவேயில்லை.

காய்ந்த தாளை வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். எவ்வளவு முயன்றாலும் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. ஆசிரியை சொல்லிக்கொடுக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். திடீரென்று தாளைத் தலைகீழாகத் திருப்பினாள் பொலிக்சேனி. கோயில் கட்டியவர்கள் கல்லைக் கவிழ்த்து நட்டிருக்கிறார்கள்! பிறகு விரலை வைத்து, கிண்டர்கார்டன் பிள்ளையைப் போல ஒவ்வொன்றாகக் கூட்டினாள்.

"நி... கா... சோ. நிகாசோ. பொம்பள பேரு. அப்புறம், நல்லவளே." கடைசிச் சொல்லை அவள் எழுத்துக் கூட்ட வேண்டியே இருக்கவில்லை. 'வாழ்க' என்று தேவதூதர் மாதாவிடம் சொன்ன வாழ்த்து அது. நாங்கள் பிறந்ததிலிருந்து கோயிலில் கேட்டு வருவது. இறந்தவளை அனுப்பிவைத்தவர்களும் அதே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பொலிக்சேனி சிலுவை போட்டுக்கொண்டாள்.

சாமியார்தான் முதலில் பேசினார்.

"இனிமே பீடத்துல கை வைக்கும்போதெல்லாம் இவ பேரு ஞாபகம் வரும். ஒருத்தியை ஒளிச்சு வெச்சுட்டு என்னால பூசை பண்ண முடியாது. அதிகாரிங்களுக்குத் தகவல் சொல்லிடுங்க டீச்சர்."

பொலிக்சேனி கோயில் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தொல்பொருள் அலுவலகத்திலிருந்து வந்தது ஒரு சின்னப் பெண். சாமியார் அவளைப் பார்த்தார், தடுப்பைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"சரி, அரசாங்கம் உள்ள வரலாம்."

"அரசாங்கம் சடை போட்டிருக்கே, சாமி!" என்றாள் பொலிக்சேனி.

அந்தப் பெண் அளந்தாள், படம் எடுத்தாள். நாங்கள் வாசலில் நின்றோம், பொலிக்சேனி சாவியை இறுக்கிப் பிடித்தபடி. வெளியே வந்து, இயேசு பிறப்பதற்கு வெகுகாலம் முந்தியது என்றாள். கல் பீடத்தைத் தாங்குகிறது, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதன்மேல் சுண்ணாம்பு மட்டும் படக்கூடாது என்றாள். பூட்டு, வேலி எதுவும் இல்லை. பொலிக்சேனியின் கை அப்போதுதான் தளர்ந்தது.

தளர்ந்ததும் கேள்விகள் வந்தன. "அவளுக்குப் பிள்ளைங்க இருந்ததா? எதனால செத்தா?"

"தெரியலைங்க அத்தை."

"பின்ன படிச்சு என்ன புண்ணியம்?"

"இன்னும் ஏதாவது கல்லு கிடைச்சா தெரியலாம்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது எந்தக் கோயிலுக்குப் போனாலும் பொலிக்சேனி முதலில் சுவரைத்தான் பார்க்கிறாள்.

நிகாசோவின் பெயரை இறந்தோர் பூசையில் வாசிக்க முடியுமா என்றும் சாமியாரிடம் கேட்டுவிட்டாள்.

"ஞானஸ்நானம் வாங்காதவ. கோயில்ல நான் வாசிக்க முடியாதும்மா." கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "நீ மனசுக்குள்ள சொல்றது என் காதுல விழாது."

சாயங்காலம் அவள் விளக்கேற்றும்போது சில நாள் நானும் கூடப் போகிறேன். அவள் உதடு அசையும். அனெஸ்திஸ் பெயர் வரும். அதற்குப் பிறகும் அசையும்.