லாரிப் பலகையில் செய்த நடைவண்டிகள்

நாற்பது வருஷம் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டியவன் நான். முட்டி தேய்ந்து பட்டறை வேலையை விட்டதும் வீட்டில் சும்மா உட்காரச் சொன்னார்கள். சும்மா இருக்க நானென்ன கோயில் சிலையா? வீட்டை ஒட்டி இறக்கிய சார்ப்பின் கீழ் ஒரு பெஞ்சைப் போட்டு, குழந்தைகள் பிடித்து நடை பழகும் மூன்று சக்கர நடைவண்டி செய்ய ஆரம்பித்தேன். மெஷின் கிடையாது. உளி, இழைப்புளி, இரண்டு கை. அந்தக் கர்வமும் கொஞ்சம் இருந்தது.

புது மரத்தை நான் நம்புவதில்லை. இன்று அறுத்து நாளை விற்கிறார்கள். ஆறு மாதத்தில் வளைந்து நிற்கும். அதனால் உடைத்துப் போட்ட பழைய லாரியின் தளப் பலகைகளை வாங்கினேன். வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்த மரம், அசையாது. தட்டிப் பார்த்தேன், வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். மரம் பார்க்க எனக்கா சொல்லித் தர வேண்டும்?

முதல் வண்டி மகன் வீட்டுப் பேத்திக்கு. பிறகு செய்த ஏழு வண்டிகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜேடர்பாளையம் அணைக்கு எடுத்துப்போய், குளிக்க வருகிறவர்களுக்கு விற்றேன். எல்லாம் போயிற்று. யார், எந்த ஊர் என்று யாரையும் விசாரிக்கவில்லை.

பேத்திக்குப் பல் முளைக்கிற சமயம். வண்டியின் கைப்பிடியைக் கடித்தபடியே நிற்பாள். ஒருநாள் வாயோரம் நுரை தள்ளிக் கண் செருகிவிட்டது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டாள். குழந்தை எதையாவது வாயில் வைத்ததா என்று டாக்டர் கேட்டார். வீட்டுக்கு வந்து கைப்பிடியைத் தண்ணீரில் நனைத்து மோந்து பார்த்தேன். காய்ந்திருந்தபோது இல்லாத வாடை ஈரம் பட்டதும் கிளம்பியது. வெள்ளாமைக் காட்டில் மருந்தடித்த அன்று அடிக்கும் வாடை.

பலகை விற்றவரிடம் போனேன்.

"ஆமாங்க, அது பூச்சிமருந்து லோடு ஓட்டுன வண்டிங்க. டப்பா ஒடஞ்சு ஒழுகாத நாளில்லீங்க. நீங்க மரத்தப் பத்தித்தானுங்க கேட்டீங்க, லோடப் பத்தி எங்கீங்க கேட்டீங்க?"

அவர் மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது. பாடி கட்டுகிறவனுக்கு லாரி பட்டறையைத் தாண்டியதோடு சரி. அதில் பிறகு என்ன ஏறுகிறது என்று நாற்பது வருஷத்தில் ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அணைக்குப் போனேன், விற்க அல்ல. கைக்குழந்தையோடு வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி விசாரித்தேன். சிலர் பிள்ளை பிடிக்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நடைவண்டி வாங்கியவர்கள் யாராவது வந்தால் என்னிடம் அனுப்பும்படி மீன் வறுக்கும் கடைகளில் சொல்லி வைத்தேன். மூன்று வண்டிகள் திரும்பி வந்தன. எரிக்கவும் பயந்து குழி வெட்டிப் புதைத்தேன். இன்னும் நான்கு எங்கேயோ இருந்தன.

ஆடி கழிந்து ஒரு ஞாயிறு, அணைக்கு ஒருவர் பைக்கின் பின்னால் நடைவண்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பாடா, இன்னொன்று கிடைத்தது என்று எழுந்து போனேன்.

"ஏனுங்கய்யா, இது நீங்க செஞ்சதுதானுங்களே?"

"ஆமாங்க. பாப்பா நல்லா இருக்குதுங்களா?"

"போயிருச்சுங்க. போன மாசம். வலிப்பு வந்துச்சுங்க. காய்ச்சல்லதான்னு சொன்னாங்க." கயிற்றை அவிழ்த்து வண்டியை என் முன்னால் வைத்தார். "இது ஊட்டுல கெடந்தா ஊட்டுக்காரி அழுதுக்கிட்டே இருக்கறாளுங்க. நல்ல வேலைங்க, தூக்கிப் போட மனசு வரல. வேற கொழந்தைக்குக் குடுத்துருங்க."

கைப்பிடியில் பல் பட்ட தடம் இருந்தது. மரத்தில் மருந்து ஊறியிருப்பதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், வாங்கிக் கொடுத்தது தன் கைதானே என்று அவர் உடைந்துபோவார், அதனால்தான் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பொய். நான் பயந்தேன்.

"சரிங்க, குடுத்தர்றேனுங்க" என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.