எட்டு வார பீரும் எல்லைச் சாவடியும்

பீரைத் துப்பிவிட்டு ருசி சொல்ல முடியாது. தேயிலை ருசி பார்ப்பவர்கள் துப்புகிறார்கள், அது அவர்கள் தொழில். பீரை விழுங்கித்தான் ஆக வேண்டும். அதன் கசப்பு நாக்கின் அடியிலும் தொண்டை ஆரம்பிக்கிற இடத்திலும்தான் பிடிபடும். இதை என் மனைவியிடம் சொன்னேன், மச்சானிடம் சொன்னேன், போலீசிடம் சொன்னேன், டாக்டரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. குடிகாரன் சொல்லும் சாக்கு என்றார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நான் பெங்களூரில் ஒரு பீர் கம்பெனியில் வேலை பார்த்தேன். வீடு ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில். இன்றைக்கு அங்கே தொழிற்பேட்டையும் லாரிகளும் இருக்கின்றன. அப்போது ராகிக் கொல்லைதான். எங்கள் பக்கம் மதராஸ் ராஜ்யம், முழு மதுவிலக்கு. எல்லை தாண்டினால் மைசூர் ராஜ்யம். பெங்களூரில் பீர் காய்ச்சலாம், விற்கலாம், குடிக்கலாம். நடுவில் ஒரு மூங்கில் தடுப்பு, ஒரு கொட்டகை, நாலு போலீஸ். திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறுவேன். வாரம் முழுக்கக் கம்பெனிக் கொட்டகையில் படுக்கை. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து ஊர் திரும்புவேன்.

முதலில் என்னைப் போட்டது பாட்டில் கழுவுகிற இடத்தில். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் நாள் முழுக்கக் கை. விரல் நுனியில் தோல் உரிந்து, நகம் இரண்டு போய்விட்டது. சோற்றில் கை வைத்தால் எரியும். அந்தத் தொட்டியிலிருந்து என்னைத் தூக்கியது என் மூக்குதான். ஒரு நாள் மூட்டை இறக்கும்போது, முளைகட்டி உலர்த்திய பார்லி மூட்டை ஒன்று தீய்ந்த வாசனை அடித்தது. எங்கள் வீட்டில் ராகியை முளைகட்டி வறுத்து மாவாக்குவார்கள். எந்தப் பதம் தாண்டினால் எந்த வாசனை வரும் என்று எனக்குத் தெரியும். "இது கருகிப்போச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரன் திரும்பிப் பார்த்தான்.

அவன் பீர் காய்ச்சும் வேலைக்கு வந்தவன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். சிரிக்க மாட்டான். அவனும் நானும் பேசியது ஓட்டை இங்கிலீஷும் ஓட்டைக் கன்னடமும். எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. ஆனால் கிடங்கில் ருசி பார்க்கும் மேஜைக்கு என்னை இழுத்துக்கொண்டான். அவன் ஊர் முறையில் மூன்று வகை காய்ச்சினான். மூன்றும் குளிரில் வாரக்கணக்கில் கிடந்து தெளிகிற பீர்.

ஒன்று ஹெல்லஸ். வெளிர் மஞ்சள். வாயில் வைத்தால் முதலில் ஒன்றுமே இருக்காது, என்னடா இது கிணற்றுத் தண்ணீர் என்று தோன்றும். விழுங்கிய பிறகு, அவலை வெறும் வாயில் மென்றால் கடைசியில் ஒரு இனிப்பு வருமே, அது வரும். அவசரப்படுகிறவனுக்கு அது கிடைக்காது. இரண்டாவது பில்ஸ். நிறம் ஏறக்குறைய அதேதான், ஆனால் கசப்பு. வேப்பம்பூ ரசத்தின் கசப்பு மாதிரி மேலே ஒரு பூ வாசனை இருக்கும். நல்ல பில்ஸில் அந்தக் கசப்பு விழுங்கியதும் கத்தியால் அறுத்த மாதிரி நின்றுவிடும். கெட்ட பில்ஸில் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை மாதிரி தொண்டையில் ஒட்டிக்கொண்டு போகாது. மூன்றாவது டுங்கெல். கருஞ்சிவப்பு. வெல்லப்பாகு என்று நினைத்து வாயில் வைக்கிறவன் ஏமாந்துபோவான். இனிப்பு கொஞ்சம்தான். களிப்பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தின்ற ருசி.

முதல் மாதம் ஒரு கூத்து நடந்தது. கிடங்கு ஆட்கள் நாலு பேருக்கு ஐந்து கிளாஸ் வைத்து, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டான். நாலு பேரும் ஒரே கிளாஸைக் காட்டினோம். அதில் வெண்ணெய் உருக்கின வாசனை. மேஸ்திரி கன்னடத்தில், "துப்பா மாதிரி இருக்குது சாமி, தோசைமேல ஊத்தலாம்" என்றார். துப்பா என்றால் கன்னடத்தில் நெய். ஜெர்மன்காரன் முகம் சிவந்தது. அந்தக் கிளாஸை எடுத்து எங்கள் கண்ணெதிரே சாக்கடையில் ஊற்றினான். பீரில் நெய் வாசனை வந்தால் அது வேகாத பீராம், இன்னும் குளிரில் கிடக்க வேண்டியதாம். எங்களுக்கு விருந்து வாசனை, அவனுக்கு வியாதி. அன்றிலிருந்து நெய் வாசனை வந்தால் நானே முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டேன். வீட்டில் நெய் விட்டால்கூட ஒரு நிமிஷம் முறைப்பேன்.

பீரின் ருசி இப்படிப் பிடிபட்டது. பிரச்சினை சனிக்கிழமையில் இருந்தது. அவன் ருசி பார்ப்பது சனிக்கிழமை பதினோரு மணிக்கு. எனக்குப் பஸ் ஒன்றரைக்கு. மூன்று மணிக்குள் சாவடி. சாவடியில் ஏட்டாக நின்றவர் என் மனைவியின் அண்ணன்.

பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவரையும் இறக்கி வாயை ஊதச் சொல்வார்கள். மச்சான் எனக்கென்று ஒரு நாடகம் வைத்திருந்தார்.

"வாங்க மாப்ள. பீர் கம்பெனி தொரை வந்துட்டாரு, எல்லாரும் வழி விடுங்கப்பா. எங்க, ஊது."

ஊதுவேன்.

"அடேங்கப்பா, லவங்கக் காடே வருது! கறிக்கடைக்குப் போறியா, ஊட்டுக்குப் போறியா?"

பஸ் முழுக்கச் சிரிக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவேன். லவங்கம் ஒரு பிடி, மேலே வெற்றிலை, சுண்ணாம்பு தூக்கலாக, பச்சை வெங்காயம் ஒன்று. மூன்று வாய் பீரை மறைக்க இவ்வளவு. அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். வீட்டில் மனைவி வேறு.

"எங்கூட்ல கள்ளு குடிச்சவனெல்லாம் ஜெயிலுக்குப் போறான். நீங்க சம்பளம் வாங்கிக்கினு குடிக்கறீங்க. எங்கண்ணன் மானம் போவுது."

"மூணு வாய்டி. குடிக்கறது வேற, ருசி பாக்கறது வேற."

"வாய்க்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றல்ல. இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

சனிக்கிழமை மட்டும் போட்ட லவங்கம் வெள்ளிக்கிழமைக்கு வந்தது, பிறகு தினமும் ஆனது. பயம் அப்படி. வெற்றிலை வாயை விட்டு இறங்கவே இல்லை. சுண்ணாம்பு நாக்கைப் புண்ணாக்கிவிட்டது, லவங்கம் மரத்துப்போகச் செய்தது. அது எனக்குத் தெரியவே இல்லை. நாக்கு போவது கண் போவது மாதிரி இல்லை, இருட்டாகாது.

ஒரு சனிக்கிழமை ஜெர்மன்காரன் மூன்று கிளாஸ் வைத்தான். மூன்றும் ஹெல்லஸ். இரண்டு ஒரே தொட்டி, ஏழு வாரம் குளிரில் கிடந்தது. ஒன்று வேறு தொட்டி, மூன்று வாரம்தான். முதலாளி அந்த மூன்று வாரத் தொட்டியை அடுத்த வாரமே பாட்டிலில் அடைக்கச் சொல்லியிருந்தார். வேறு கிளாஸ் எது என்று நான் சொல்ல வேண்டும். குடித்தேன். மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. மறுபடி குடித்தேன். ஒன்றுமில்லை. குருட்டாம்போக்கில் நடு கிளாஸைக் காட்டினேன். தப்பு.

அவன் என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னான். மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி பார்த்தான். நாக்கு சிவந்து வெந்திருந்தது.

"இதோடு எப்படி ருசி பார்ப்பாய்? அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை. தவறினால் பாட்டில் தொட்டி" என்றான்.

அவனை அடித்துவிடலாம் என்று கை எழுந்தது. ஆனால் அவன் சொன்னது நிஜம். என் நகங்கள் அப்போதுதான் மறுபடி முளைத்திருந்தன.

அந்த வாரம் லவங்கம் இல்லை, வெற்றிலை இல்லை, வெங்காயம், பூண்டு, மிளகாய் ஒன்றும் இல்லை. மோரும் சோறும். அடுத்த சனிக்கிழமைதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை காலை உத்தனப்பள்ளியில், மாமனார் வீட்டில், என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். தாய்மாமன் அதே மச்சான்தான். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் நான் போய்ச் சேர வேண்டும். பெங்களூரில் ராத் தங்கி நாற்றம் போனபிறகு வர வழியில்லை. சாவடிக்குப் புதிதாக ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார், அவரே நின்று முகர்ந்து பார்க்கிறார் என்றும் பஸ்காரர்கள் சொன்னார்கள்.

கம்பெனி மானேஜரிடம் போய் நின்றேன். அவர் இங்கிலீஷில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தார். இந்த ஆள் எங்கள் ஊழியர், பீர் ருசி பார்ப்பது இவர் உத்தியோகம், இப்படிக்கு என்று கையெழுத்தும் முத்திரையும். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதை நம்பினேன்.

சனிக்கிழமை பதினோரு மணி. மூன்று கிளாஸ். முதலில் முகர்ந்தேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தேன். முதல் கிளாஸ், விழுங்கினேன். அவல் வந்தது. அவ்வளவு நாள் கழித்து அது வந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது, காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது, அவல். மூன்றாவதில் அவல் வருவதற்குமுன் மேலே ஒரு பச்சை வாசனை, பரங்கிக்காயை அரிந்தவுடன் வருமே, அது. விழுங்கியபின் கொஞ்சம் தீக்குச்சி உரசின நெடி.

"இது நாலு வாரம். அடைக்கக் கூடாது" என்றேன்.

ஜெர்மன்காரன் தலையை ஆட்டினான். பாராட்டெல்லாம் இல்லை. "சரி. மேஜை உனக்கு" என்றான். அந்தத் தொட்டியை அவன் அடைக்க விடவில்லை என்று பிறகு தெரிந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயைத் திறந்து காற்றை வாங்கிக்கொண்டே வந்தேன். அத்திப்பள்ளி தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளங்கையில் ஊதி நானே முகர்ந்தேன். இருந்தது. லேசாக, ஆனால் இருந்தது. வெற்றிலை விற்கும் பெண் பஸ்ஸில் ஏறினாள். வாங்கவில்லை. ஒரு வாரம் பட்டு மீட்ட நாக்கு. கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சாவடியில் இறக்கினார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில். மச்சான் அவர் பக்கத்தில், அன்றைக்கு நாடகம் எதுவும் இல்லை, முகம் கல்லாக இருந்தது.

"ஊது" என்றார் மச்சான்.

ஊதினேன். அவர் கண் ஒரு தடவை என் கண்ணைப் பார்த்தது. லவங்கம் இல்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"என்ன ஏட்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. வெறும் வெங்காய நாத்தம். ஏறுப்பா, ஏறு."

நான் ஏறியிருக்க வேண்டும். இரண்டு அடி எடுத்து வைத்தால் பஸ். என்ன எழவோ, அந்த வெங்காயம் என்ற வார்த்தை என்னைச் சுட்டது. ஒரு வாரம் வெங்காயத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. என் வேலையை எல்லா சனிக்கிழமையும் கேலி செய்த வாய், இப்போது என் வாயில் வெங்காயம் என்கிறது. கையில் கடிதம் வேறு இருக்கிறது.

"வெங்காயம் இல்லீங்க. பீரு. என் வேலையே அதான். ருசி பாக்கறவன் நானு. லெட்டர் இருக்குது" என்று கடிதத்தை நீட்டினேன்.

மச்சானின் கை என் முழங்கையைப் பிடித்து அழுத்தியது. நேரம் கடந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் கடிதத்தைப் படித்தார். நிதானமாக மடித்தார்.

"இது மைசூர் கம்பெனி குடுத்தது. நீ நிக்கறது மதராஸ். இந்தக் காகிதத்துல பஜ்ஜி சுத்தலாம்." பிறகு மச்சானைப் பார்த்தார். "உமக்கு மூக்கு அடைச்சிருக்கா ஏட்டு? இல்ல, ஆள் வேண்டியவரா?"

"தங்கச்சி புருசனுங்க ஐயா."

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை.

ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார், நடந்தேன். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். எவ்வளவு குடித்தாய் என்றார். மூன்று கிளாஸ், ஒவ்வொன்றிலும் ஒரு வாய், இரண்டு எட்டு வாரம், ஒன்று நாலு வாரம் என்றேன். எதற்கு விழுங்கினாய், துப்பியிருக்கலாமே என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நடை சரி, பேச்சு சரி, வாயில் நாற்றம் உண்டு என்று எழுதிக் கொடுத்தார். நாற்றம் உண்டு என்பது போதும், லாக்கப்பில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் வந்து ஜாமீனில் எடுத்தார்.

காதுகுத்து அன்று காலை நடந்துவிட்டது. மச்சானை விசாரணைக்கு என்று கிருஷ்ணகிரிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மகள் தூரத்துச் சொந்தம் ஒருவர் மடியில் உட்கார்ந்து கத்தியிருக்கிறாள். நான் போனபோது மனைவி பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் உங்களுக்காகப் பொய் சொன்னாரு. அவரு ஆயுசுல சர்வீசுல சொன்ன ஒரே பொய். அத நீங்க பொய்யாக்கிட்டீங்க" என்றாள். மூன்று மாதம் அவ்வளவுதான் பேசினாள்.

மச்சானைச் சாமல்பட்டிப் பக்கம் மாற்றினார்கள். ஏட்டாகவே ரிட்டயர் ஆனார். என் மேலிருந்த வழக்கு சின்னத் தண்டனையோடு போனது. மேஜை எனக்கே இருந்தது. ஜெர்மன்காரன் ஊருக்குப் போனபிறகும் நான்தான் ருசி சொன்னேன், பல வருஷம். என் பேச்சைக் கேட்டுத்தான் தொட்டியைத் திறந்தார்கள். குடும்பத்தைப் பெங்களூருக்கே கொண்டுபோய்விட்டேன். சனிக்கிழமை பஸ் ஒழிந்தது.

வருஷங்கள் கழித்து மச்சான் ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். மோர் ஊற்றும்போது, இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஏன் மாப்ள, வெங்காயம்னு நான் சொன்னப்ப நீ சும்மா ஏறியிருந்தா உன் நாக்கு அழுகியா போயிருக்கும்?"

"இல்ல மச்சான்" என்றேன்.

அவர் இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.