பந்தெடுக்கப் போன முப்பத்தெட்டு செகண்ட்

1. என் டெஸ்க்

கஞ்சிக்கோட்டில் லாரிகள் வரிசையாக நிற்கிற ரோட்டில், ஒரு ஃபவுண்டரியின் பழைய ஆபீஸ் மாடியில்தான் எங்கள் கேம் கம்பெனி இருந்தது. கீழே இரும்பு உருக்குவார்கள். மேலே நாங்கள் ஃபுட்பால் கேம் செய்துகொண்டிருப்போம். நாங்கள் என்றால் மற்றவர்கள். என் வேலை, அவர்கள் செய்ததைப் பார்த்து ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று உட்கார்ந்து படிப்பது. ஃபீட்பேக் டெஸ்க் என்று அதற்குப் பெயர். பல கம்பெனிகளில் பதினொரு வருஷம் இதைச் செய்திருந்தேன். "ஊரான் திட்டுறதப் படிக்க ஒரு சம்பளம்" என்று என் மாமியார் சொல்வார். அதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு டிரெய்லர் வெளியானதும் வருகிற கமென்ட்டுகளை ஷீட்டில் நாலாகப் பிரிக்க வேண்டும். பாராட்டு, பக் என்கிற கோளாறு, கோரிக்கை, வம்பு. முதல் மூன்றும் மீட்டிங்குக்குப் போகும். வம்பு எங்கேயும் போகாது. அதில் எதைப் போடுவது என்பது முழுக்க டெஸ்க்கில் இருப்பவர் இஷ்டம். அந்த இஷ்டத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கேம், நம் பக்கத்து செவன்ஸ் ஆட்டம். டீமுக்கு ஏழு பேர், சின்ன கிரவுண்ட், காட்டுத்தனமான வேகம். மூன்று கிரவுண்ட் வைத்திருந்தோம். அறுவடை முடிந்த வயல் ஒன்று, மூங்கில் கேலரி கட்டிய டூர்ணமென்ட் கிரவுண்ட் ஒன்று, மூன்றாவது ஏலப்பாறை பக்கத்து எஸ்டேட் கிரவுண்ட். இந்த மூன்றாவது என் யோசனை. அந்த எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள் நான். அம்மாவும் அண்ணனும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அண்ணன் கணேசனுக்கு டீ ஃபேக்டரியில் ட்ரையர் பார்க்கிற வேலை.

மலையில் சமதளமான இடம் ஏது. தேயிலைக்கு உதவாத ஒரு துண்டை வெட்டிச் சமன் செய்ததுதான் கிரவுண்ட். ஒரு பக்கக் கோட்டைத் தாண்டினால் நேரே சரிவு, தேயிலைச் செடி, அதற்குக் கீழே ஓடை. பந்து அந்தப் பக்கம் போனால் யார் அடித்தாரோ அவர்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். இது எங்கள் ஊர்ச் சட்டம். டிசைன் டீமிடம் நான் இதைச் சொன்னபோது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அப்படியே செய்தார்கள். ஆட்டக்காரன் செடிகளுக்கு நடுவே இடுப்பை ஒடுக்கி இறங்குவான், காலால் துழாவுவான், பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வருவான். மற்ற பதின்மூன்று பேரும் இடுப்பில் கைவைத்துக் காத்திருப்பார்கள். பார்த்ததும் ஆபீஸே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது முப்பத்தெட்டு செகண்ட் ஓடுகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பந்தெடுக்கப் போனவனுக்காகக் காத்திருந்து வளர்ந்த கூட்டம், அதற்கு நேரம் பார்க்கத் தெரியாது.

2. பார்த்தவர்களுக்குத் தெரிந்தது

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டிரெய்லர் வெளியானது. முதல் அரை மணி நேரம் வழக்கமான கச்சேரி. கோல்கீப்பருக்கு முட்டி மடங்கவில்லை, ரெஃபரிக்குத் தொப்பை ஜாஸ்தி, புல் எங்கே, ஆஃப்சைடு எங்கே. செவன்ஸில் புல்லும் ஆஃப்சைடும் கிடையாது என்று மலப்புறத்து ஆட்கள் பதில் சொல்ல, அங்கேயே ஒரு தனிச் சண்டை கிளம்பியது. இதெல்லாம் நல்ல சகுனம். திட்டுகிறவன் வாங்குவான். சும்மா போகிறவன்தான் ஆபத்து.

பிறகு எஸ்டேட் கிரவுண்டுக்கு வந்தார்கள்.

"இது ஃபுட்பாலா, கொழுந்து பறிக்கிற கேமா?" என்று ஒருவர் கேட்டார். "பந்தெடுக்கப் போனவன் கட்டன் சாயா குடிச்சிட்டுதான் வருவான், நாமும் ஒண்ணு போட்டுக்கலாம்" என்றார் இன்னொருவர். ஒரு மகராசன் அந்த முப்பத்தெட்டு செகண்டை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஒட்டி, ஒரு மணி நேர வீடியோவாகப் போட்டுவிட்டான். தூக்கம் வராதவர்களுக்கு என்று தலைப்பு. எங்கள் டிரெய்லரைவிட அதை அதிகம் பேர் பார்த்தார்கள்.

எங்கள் பாஸ் சதாசிவம் கொழிஞ்சாம்பாறை பக்கம், தென்னந்தோப்புக் குடும்பம். கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கும், மரியாதை கூடும். அன்றைக்கு மிகவும் மரியாதையாக இருந்தார்.

"அம்மிணி, போனுக்குள்ள கேம் அடங்கோணும்னா ஒரு கிரவுண்டை எடுத்துப்போட்டே ஆகோணுமுங்க. கேமை வெளியிடறவங்க ரெண்டு வாரம் டைம் கொடுத்திருக்கறாங்க. சனங்களே எதுன்னு சொல்லிப்போட்டாங்களே, நாம வேற யோசிக்கோணுங்களா?"

"ரெண்டு வாரமும் ஃபீட்பேக் பாத்துட்டு முடிவு பண்ணலாம் சார்."

"பாருங்க. ஷீட்டுல அந்த கிரவுண்டுக்குன்னு ஏதாச்சும் ஒரு காரணம் காட்டுங்க. இல்லீன்னா எடுத்தரலாம்."

எனக்கு அந்த கிரவுண்ட் வேண்டும். வெளிப்படையாகவே சொல்கிறேன். பதினொரு வருஷத்தில் நான் படித்த கேம்களில் எதிலும் என்னுடையது என்று ஒரு கல் கிடையாது. இதில்தான் ஒரு மலையே இருந்தது.

திங்கட்கிழமை காலை ஷீட்டைத் திறந்தால் பாராட்டு மழை. "சூப்பர் கேம். எஸ்டேட் கிரவுண்ட் அருமை." "எஸ்டேட் கிரவுண்ட் மிக அருமை, சூப்பர்." எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்படியே மீட்டிங்குக்குக் கொண்டுபோனேன். பாஸ் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார்.

"ஏனுங்க, 'செல்வி அக்காவுக்கு லயத்தின் சார்பில் வாழ்த்துக்கள்'னு போட்டிருக்குதுங்க. ரசிகருக்கு உங்க பேரு எப்படிங்க தெரியும்?"

எழுதியவர்கள் அத்தனை பேரும் எங்கள் லயத்துக்காரர்கள். அண்ணன் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறான். அவன் பெயரிலும் ஒன்று இருந்தது. "மிக அருமை, ஒரு குறையும் இல்லை. இப்படிக்கு, கணேசன்." டீம் மொத்தமும் சிரிக்க, என் கையாலேயே அத்தனையையும் ஷீட்டிலிருந்து அழித்தேன். பாராட்டுப் பகுதியில் அந்த கிரவுண்டுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

3. மேட்டுக்கோல்

அந்த இரண்டு வாரமும் 'மேட்டுக்கோல்' என்ற ஐடியிலிருந்து தினமும் ஒரு கமென்ட் வந்தது. போட்டோ கிடையாது, ஊர் கிடையாது. தமிழ் மட்டும் நியூஸ்பேப்பர் தமிழ்.

முதல் நாள்: "மைதானம் நன்று. ஆட்டம் பிழை."

இரண்டாம் நாள்: "ஒருவர் பந்தெடுக்கச் செல்ல மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தால், இறுதிப்போட்டி முடிய மறுநாள் ஆகிவிடும்."

மூன்றாம் நாள்: "இதை உருவாக்கியவர் பெரியவர்கள் ஆட்டத்தை லயத்து வாசலில் நின்று பார்த்தவர் என்று தோன்றுகிறது."

இது எனக்குச் சுருக்கென்று தைத்தது. வண்டிப்பெரியார் பக்கத்து ரிட்டயர்டு சூப்பர்வைசர் யாரோ, வேலையில்லாமல் உட்கார்ந்து எழுதுகிறார் என்று நினைத்தேன். மூன்றையும் வம்பில் போட்டேன். அதற்குப் பிறகு வந்தவற்றைப் படிக்காமலேயே போட்டேன்.

முடிவு சொல்ல நாலு நாள் இருந்தபோது ஷீட்டில் காட்ட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் வம்பைத் திறந்தேன். மேட்டுக்கோலின் கமென்ட்டுகளை முதலிலிருந்து வரிசையாகப் படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. மனுஷன் எங்கேயும் திட்டவே இல்லை. ஒரே விஷயத்தைத்தான் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் படிக்கும்வரை சொல்வது என்ற முடிவோடு.

"வணக்கம் சார். ஆட்டத்தில் என்ன பிழை என்று விளக்க முடியுமா சார்?" என்று மெசேஜ் அனுப்பினேன்.

"நன்றி அம்மா" என்று தொடங்கி நீளமாகப் பதில் வந்தது. விஷயம் இதுதான். எஸ்டேட் டூர்ணமென்ட்டில் பந்து இரண்டு. ஒன்று சரிவில் போனதும் லைன்ஸ்மேன் இரண்டாவதைத் தூக்கிப் போடுவார், ஆட்டம் நிற்காது. ஆனால் அடித்தவன் இறங்கித்தான் ஆக வேண்டும். அவன் பந்தோடு ஏறி வருகிறவரை அவனுடைய டீம் ஆறு பேரோடு ஆட வேண்டும். அதனால் அந்தப் பக்கம் எவனும் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிக்க மாட்டான்.

எனக்குத் தெரிந்தது சாயங்காலம் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம். அதற்கு ஒரே பந்து, போனால் எல்லாரும் காத்திருப்போம். டூர்ணமென்ட் அன்றைக்குப் பெண்பிள்ளைகள் கிரவுண்டுக்கு இறங்குவதில்லை. லயத்து வாசலில் நின்றுதான் பார்ப்போம். அங்கிருந்து பார்த்தால் ஒருத்தன் சரிவில் இறங்குவது தெரியும், ஆட்டத்தில் பந்து எத்தனை என்பது தெரியாது. மேட்டுக்கோல் சொன்னது சரிதான்.

டிசைன் டீமிடம் சொன்னேன். இரண்டே நாளில் மாற்றிவிட்டார்கள். பழைய முப்பத்தெட்டு செகண்டும் அப்படியே இருந்தது. ஆனால் இப்போது ஒருத்தன் செடிக்குள் துழாவிக்கொண்டிருக்க, மேலே ஆறு பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கோலைக் காத்தார்கள். ஆபீஸில் சண்டை வராத குறை. பாஸ் ஆசையாக ஒரு ஆட்டம் ஆடினார். முதல் நிமிஷமே ஓங்கி அடித்துச் சரிவில் விட்டார். அவருடைய ஆள் ஏறி வருவதற்குள் இரண்டு கோல் வாங்கினார்.

"வெரசா ஏறி வாடா சாமி" என்று போனைப் பார்த்துக் கெஞ்சினார். தோற்ற பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதைய எடுக்க வேண்டாமுங்க. வயக்காட்டை எடுத்தரலாம்."

4. டம்ளர்

ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. பந்தோடு ஏறி வருகிறவன் எந்த இடத்தில் உள்ளே வர வேண்டும்? மேட்டுக்கோலிடம் போனில் பேசலாமா என்று கேட்டேன். "இங்கு ரேஞ்ச் இல்லை அம்மா" என்றார். சரி, ஒரு படமாவது வரைந்து அனுப்புங்கள் சார் என்றேன். அனுப்பினார்.

அதை மீட்டிங்கில் பெரிய ஸ்கிரீனில் போட்டார்கள். நோட்டுத் தாளில் கிரவுண்ட், சரிவு, அம்புக்குறி எல்லாம் அழகாக வரைந்திருந்தது. தாள் பறக்காமல் இருக்க மூலையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தார். பாஸ் எழுந்து ஸ்கிரீன் பக்கத்தில் போனார்.

"அம்மிணி, டம்ளர்ல உங்க பேராட்ட இருக்குதுங்களே?"

புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்து. மாரிச்செல்வி. என் சடங்குக்கு அத்தை சீராகக் கொண்டுவந்த ஆறு டம்ளரில் ஒன்று. இன்றைக்கும் அம்மா வீட்டு அடுப்படியில் இருக்கிறது. டீம் மறுபடி சிரிக்கத் தயாரானது. நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்கு வந்தேன்.

"மேட்டுக்கோல் சாருங்களா?" என்றேன்.

அண்ணன் மெதுவாக, "டம்ளரா?" என்று கேட்டான்.

"ஆமா. ஏண்ணே இப்படி? ஊரையே கூட்டி நல்லதா எழுதச் சொல்லிட்டு, நீ ஒளிஞ்சு நின்னு தப்புச் சொல்லுத. எங்கிட்ட நேர்ல சொன்னா என்ன?"

"சொன்னேனே ஏட்டி. பொங்கலுக்கு வந்தப்ப லேப்டாப்ல காட்டுனல்லா, அப்பவே கேட்டேன், ரெண்டு பந்து இருக்கும்லா, ஒண்ணுதான இருக்குன்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"'ஒனக்கு கேமப் பத்தி என்னண்ணே தெரியும், சும்மா பாரு'ன்ன. நானும் சும்மா பாத்தேன்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்பது போலச் சொன்னான். எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. முகம் தெரியாத மேட்டுக்கோலுக்கு வரிக்கு வரி சார் போட்டேன். இருபது வருஷம் அதே கிரவுண்டில் ஆடியவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னபோது, அவன் முடிக்கக்கூட விடவில்லை.

"அண்ணே, மன்னிச்சுக்கோ," என்றேன். "கேம்ல வேற என்னெல்லாம் தப்பு இருக்கு? சொல்லு."

"எழுதிக்கிடுவியா?" என்று கேட்டான்.

"எழுதிக்கிடுதேன்."

அப்புறம் அண்ணன் முக்கால் மணி நேரம் பேசினான். கோல்கீப்பர் நிற்கிற இடம் தப்பு, மழை வந்தால் பந்து ஓடுகிற விதம் தப்பு, ஃபேக்டரி சங்கு ஊதுகிற நேரம் தப்பு. கீழே ஃபவுண்டரிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஒரு இடத்தில்கூட குறுக்கே பேசவில்லை. அந்தப் படிக்கட்டில் நின்றுதான் என் வேலையை நான் முதல்முதலாக ஒழுங்காகச் செய்தேன். அதுவரை பதினொரு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.