கதவைத் திறந்த சமையல்காரர்

தியேட்டர் திரையில் கப்பலின் சமையலறை வந்தது. காஸ் அடுப்பு நீலமாக எரிந்தது. அதைப் பார்த்ததுமே சமையல்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கப்பல்ல ஏதுய்யா காஸ் அடுப்பு? கரண்ட் அடுப்புதான். பாத்திரம் உருண்டு ஓடாம இருக்க அதச் சுத்திக் கம்பி கட்டியிருக்கும். இது கூடத் தெரியாம படம் எடுக்க வந்துட்டானுங்க."

முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். பக்கத்தில் இருந்த மனைவி இவர் கையைக் கிள்ளினாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற மகளுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. முன் சீட்டுக்குக் குனிந்து, "எங்க அப்பா நெஜமாவே அந்தக் கப்பல்ல இருந்தவரு சார். சீஃப் குக்" என்று சொல்லிவிட்டாள். முன் சீட்டுக்காரர் முறைப்பை வாபஸ் வாங்கிக்கொண்டு, ஒரு மரியாதையோடு தலையாட்டினார். அந்த மரியாதைக்கு ஆயுள் முக்கால் மணி நேரம்தான்.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு சரக்குக் கப்பலைக் கடற்கொள்ளையர்கள் பிடித்து, இருபத்தொரு பேரை நூற்றுப் பதினான்கு நாள் அடைத்து வைத்திருந்தார்கள். படம் அதைப் பற்றியதுதான். கொள்ளையர் ஏறியதும் எல்லாரும் கப்பலின் வால் பக்கம் கீழே இருக்கிற இரும்பு அறைக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொள்கிறார்கள். அதுவரை நிஜம். பிறகு படத்துச் சமையல்காரன் வருகிறான். தொப்பையும் தொப்பியுமாக இருக்கிறான். எல்லாரும் அசந்து தூங்கும்போது, தன் உயிர் பிழைத்தால் போதும் என்று தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். "துரோகி நாயே!" என்று தியேட்டரின் பின் வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான். நாலைந்து பேர் கை தட்டினார்கள். முன் சீட்டுக்காரர் மறுபடியும் திரும்பினார். முறைத்திருந்தால் கூடப் பரவாயில்லை. அவர் அருவருப்போடு பார்த்துவிட்டு, தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே புலம்பல். அடுப்பு தப்பு. தொப்பி தப்பு, இருபத்திரண்டு வருடம் கடலில் இருந்தவர், ஒரு நாள்கூடத் தொப்பி போட்டுச் சமைத்ததில்லை, தலையில் ஒரு துண்டுதான். தொப்பை பெரிய தப்பு. அவர் உடம்பில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் வேறு எதுவும் எப்போதும் குடியிருந்ததில்லை. கேப்டன் படத்தில் மூன்று இடத்தில் நின்று நீளமாக வீரவசனம் பேசுகிறார். நிஜக் கேப்டன் அந்த நாலு மாதத்தில் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் அட்டை நிரம்பாது. இப்படிக் காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் செருப்பு மாட்டும்வரை ஓயமாட்டார்.

கப்பலை விட்டபின் அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். ஒரு வேளைக்கு அறுநூறு பேர். அங்கே அவருக்கு இத்தனை காலமாகக் "கப்பல்" என்று பெயர். "கப்பல் வந்தாச்சா?" என்பார்கள், அவரும் ரசிப்பார். படம் வந்த நாலாம் நாள் அது "கதவு" என்று மாறிவிட்டது. ஸ்டோர் ரூம் பக்கம் போனால் ஸ்டோர் கீப்பர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"அண்ணே, நீங்க கதவத் தொறக்காதீங்க. உள்ள சர்க்கரை மூட்டை இருக்கு."

வரிசையில் தட்டோடு நிற்கிறவர்கள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். காசாளர் அம்மாள் மட்டும், "பாவம்பா, உயிர்ப் பயம் யாருக்குத்தான் இல்ல" என்று பரிந்து பேசினார். கிண்டலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் பரிவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்று குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டார். அறுநூறு பேரும் தண்ணீர் குடித்துக் குடித்து அவரைத் திட்டினார்கள்.

மனைவிதான் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, அஞ்சு நாளா அடுப்பு, தொப்பின்னு கத்துறீங்க. கதவப் பத்தி ஒரு வார்த்த பேசலயே?"

"அதுவும் பொய்தான். கேப்டன்தான் தொறந்தாரு."

"ஏன் தொறந்தாரு?"

"உள்ள காத்து இல்ல."

"அத ஊரறியச் சொல்ல வேண்டியதுதானே? இந்த அடுப்புக் கதைய யாரு கேட்டா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அது அன்றைக்கு அவருடைய இரண்டாவது குளியல்.

விஷயம் காற்று இல்லை, தண்ணீர். கொள்ளையர் வந்தால் இரும்பு அறைக்குள் ஒளிவதற்குக் கப்பலில் மாதம் ஒருமுறை ஒத்திகை நடக்கும். சங்கு ஊதினால் யார் எதை எடுத்துக்கொண்டு எங்கே ஓட வேண்டும் என்று அறைக்கு அறை பட்டியல் ஒட்டியிருக்கும். சமையல்காரர் வேலை, சமையலறை வாசலில் நிரப்பித் தயாராக வைத்திருக்கும் இருபது லிட்டர் கேன்கள் நாலையும் இரும்பு அறையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஐந்து ஏணி இறங்க வேண்டும், இரண்டு நடை போக வேண்டும். முதல் ஒத்திகையில் கதவு சாத்தப் பதினோரு நிமிடம் ஆனது. கையில் கடிகாரத்தோடு நின்ற சீஃப் ஆபீசர், "உங்களாலதான் லேட்டு. ஆபீசுக்கு நான் என்ன எழுதுறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அடுத்த மாதம் இவர் கேன்களிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, கைக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாலு நிமிடம் நாற்பது நொடி. சீஃப் ஆபீசர் முதுகில் தட்டிக்கொடுத்தார். கேனைத் தூக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் தூக்கவில்லை.

அதன்பின் ஒத்திகை என்றால் காலி கேன்தான். முடிந்ததும் மறுபடி நிரப்பி வைக்க வேண்டும். முதல் சில மாதங்கள் நிரப்பினார். அப்புறம் எப்படியும் அடுத்த மாதம் கொட்டத்தானே போகிறோம் என்று ஒரு சோம்பல். நாளைக்கு நிரப்பலாம், வாரக் கடைசியில் நிரப்பலாம் என்று போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலை முட்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது சங்கு நிஜமாகவே ஊதியது. நாலு கேனையும் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். மாதக்கணக்கில் காலி கேனே தூக்கிப் பழகிய கைக்கு, அன்றைக்குக் கனம் இல்லாதது வித்தியாசமாகவே படவில்லை. கதவைப் பூட்டி, மூச்சு வாங்க உட்கார்ந்து, ஒருத்தர் கேனைச் சாய்த்தபோதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

அந்த அறை அடுப்பு மாதிரி கொதித்தது. ஃபிட்டர் பையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் இருந்தது. இருபத்தொரு பேரும் அதை மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தார்கள். முப்பது மணி நேரம் தாங்கினார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்ததும் கேப்டன் எழுந்து தன் கையாலேயே கதவைத் திறந்தார். கடற்படைக் கப்பல் ஐந்து மணி நேரம் கழித்து வந்தது. உள்ளேயே இருந்திருந்தால் வந்தவர்கள் மேலே ஏறிக் காப்பாற்றியிருப்பார்கள். பிடிபட்டவர்கள் தலையில் கொள்ளையரின் துப்பாக்கி இருப்பதைப் பார்த்ததும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஐந்து மணி நேரத்துக்கு விலை நூற்றுப் பதினான்கு நாள். மூன்றாம் என்ஜினியருக்கு இன்னும் கூடுதலாகவே ஆனது. அறுபதாம் நாளோ என்னவோ அவருடைய அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவருக்கு அது தெரிந்தது.

ஒருத்தர்கூட சமையல்காரரைத் திட்டவில்லை. "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று கேப்டன் ஒரே ஒரு முறை சொன்னார். விசாரணையில் காற்று போதவில்லை என்று எழுதிக் கொடுத்தார். இருபது பேரும் அப்படியே சொன்னார்கள்.

படம் வந்த ஆறாம் நாள் அவர் கேன்டீனில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் நின்று, ஓய்வு பெற்று வீட்டிலிருக்கிற கேப்டனுக்குப் போன் போட்டார்.

"சார், படக்காரங்க உங்ககிட்டப் பேசினாங்களா?"

"ரெண்டு நாள் உக்காந்து கேட்டாங்கப்பா."

"கதவு ஏன் தொறந்ததுன்னு கேக்கலயா?"

"கேட்டாங்க. காத்து போதலன்னு சொன்னேன். காத்த எப்படி சார் படத்துல காட்றது, வேற ஏதாவது காரணம் சொல்லுங்கன்னாங்க. வேற காரணம் எனக்குத் தெரியாதுன்னுட்டேன்." கேப்டன் மேலும் சொன்னார். "நான் சொல்லாததால அவங்களா ஒண்ணு எழுதிக்கிட்டாங்க. அது உம்மேலயே வந்து விழும்னு நான் நெனைக்கல. வேணும்னா சொல்லு, கேஸ் போடலாம்."

கேஸ் போட்டால் கோர்ட்டில் முதல் கேள்வியே கதவு ஏன் திறந்தது என்பதுதானே. "வேண்டாம் சார்" என்று வைத்துவிட்டார். இனி யார் மேல் கோபப்படுவது என்றே அவருக்குத் தெரியவில்லை. படக்காரர்களைத் திட்டலாம் என்றால், அவர்களுக்குப் பொய் சொல்ல இடம் விட்டதே தன்னைக் காப்பாற்றியவர்கள்தான். கேப்டனைத் திட்டலாமா? நாக்கு அழுகிப்போகும். கையில் இருந்த காலி அண்டாவை ஓர் உதை உதைத்தார், கால்தான் வீங்கியது.

சனிக்கிழமை சாயங்காலம் கால் நீட்டி உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மகள் போனோடு வந்தாள். முகம் பளபளத்தது.

"அப்பா, எங்க காலேஜ்ல ஒருத்தன் உங்களப் பத்திக் கேவலமாப் பேசிட்டான். பாத்தேன், நேத்து ராத்திரி உக்காந்து நானே எழுதிப் போட்டுட்டேன். ஆயிரத்தி நானூறு பேர் படிச்சிருக்காங்க."

"என்னத்த எழுதின?"

அவள் நின்றபடியே வாசித்தாள். "என் அப்பா கதவைத் திறக்கவில்லை. உயிர் போகும் நேரத்திலும் இருபத்தொரு பேருக்கும் தண்ணீர் சுமந்து போனவர் என் அப்பா. அவசரத்தில் அதுதான் அவர் வேலை என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறார்."

அவர் கையிலிருந்த ஒத்தடத் துணி சூடு ஆறி, நீர் தரையில் சொட்டியது. அவள் கவனிக்கவில்லை.

"இதக் கேளுங்க. உங்க கப்பல்காரங்க எல்லாம் கீழ எழுதியிருக்காங்க. ஃபிட்டர் அங்கிள், 'நூத்துக்கு நூறு உண்மை'ன்னு போட்டிருக்காரு. அப்புறம் மூணாவது என்ஜினியர் என்ன எழுதியிருக்காரு தெரியுமா? 'ஆமாம்மா. உங்க அப்பா கொண்டு வந்த தண்ணீரைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கிறோம்.' அம்மா, இங்க வாயேன், இதப் பாரு!"

மனைவி வந்து படித்தாள். படித்துவிட்டுப் போனைப் பார்க்காமல் கணவன் முகத்தைப் பார்த்தாள்.

"பொய்" என்றார் அவர்.

"எது?"

"எல்லாம். கேன் காலி. நான் நெரப்பல." ஒத்திகையிலிருந்து கடற்படைக் கப்பல், மூன்றாம் என்ஜினியருடைய அம்மா வரைக்கும் சொல்லி முடித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்னதாக இருந்தது அது, இதற்குப் போய் ஒன்பது வருடம் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார்.

மகள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது.

"அப்ப நான் ஆயிரத்தி நானூறு பேருக்குப் பொய் சொல்லியிருக்கேன். இவங்கல்லாம் ஏம்ப்பா இப்படி எழுதினாங்க? அவரோட அம்மா செத்துப் போனாங்க, அவரு எழுதறாரு, உங்க தண்ணியக் குடிச்சோம்னு!"

அவர் போனைக் கேட்டு வாங்கினார். அவள் தேடிக் கொடுத்த எண்ணுக்கு அடித்தார். மூன்றாம் என்ஜினியர் உடனே எடுத்தார்.

"தம்பி, நான்தான், குக்கு. அத ஏன் அப்படி எழுதினீங்க?"

"உங்க பொண்ணுக்காகண்ணே. அவ்வளவு ஆசையா எழுதியிருக்கு. அது மூஞ்சில அடிக்கச் சொல்றீங்களா?"

"அவகிட்டச் சொல்லிட்டேன். கேன் காலின்னு இப்பத்தான் சொன்னேன். உங்ககிட்டயும் சொல்லணும். நான்தான் தம்பி காரணம். உங்க அம்மா விஷயத்துலயும் நான்தான்."

  

"காலின்னு எனக்கு அன்னைக்கே தெரியுமேண்ணே. அந்தக் கேனச் சாய்ச்சதே நான்தான்" என்றார் மூன்றாம் என்ஜினியர். "தப்பு யாருக்கும் வரும். நூத்திப் பதினாலு நாள் பக்கத்துலயே படுத்திருந்தீங்க. ஊர் திரும்பினதும் அம்மா துக்கத்துக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருந்தீங்க, எங்க எல்லாருக்கும் சமைச்சுப் போட்டீங்க. அப்பக்கூட இதப் பத்தி வாயத் தொறக்கல. இன்னைக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு நானும் ஒம்பது வருஷமாப் பாத்துட்டிருக்கேன். இதச் சொல்ல ஒரு படம் வரணுமாண்ணே?"

"தப்புதான் தம்பி" என்றார் அவர். அதையே இன்னொரு முறை சொன்னார்.